கடலுக்கு மேல் விமானத்தை யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்?

வாசகர் கேள்வி – 2025 மார்ச் 8
(பொகவந்தலாவையிலிருந்து ஒரு தம்பி எழுதியது)

"எங்கள் தோட்டத்துக் கொழுந்து லொறி எந்த வளைவில் நிற்கிறது என்பதைக் கொழும்பில் இருக்கும் கம்பனிக்காரர் கையடக்கத் தொலைபேசியில் பார்க்கிறார். டிரைவர் தேநீர் குடிக்க நிறுத்தினால்கூட அழைப்பு வந்துவிடுகிறது. 239 பேரோடு போன எம்எச் 370 விமானத்தைப் பதினொரு வருடமாகக் காணவில்லை என்கிறார்கள். நம்புவதற்கு நாம் என்ன குழந்தைகளா? எங்கே இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். மறைக்கிறார்கள். இல்லை என்பவர்கள் விளக்கட்டும்."

மார்ச் 9, காலை

விளக்குகிறேன், தம்பி. தொலைபேசிக் கோபுரங்களைப் பராமரிப்பது என் தொழில். ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கத்தில் சிக்னல் போய்விட்டால் மழையென்றும் மூடுபனியென்றும் பாராமல் ஏறுகிறவர்களில் நானும் ஒருவன். அதனால் இந்தக் கேள்வி எனக்கு அந்நியமானதல்ல.

முதலில் லொறி. கம்பனிக்காரர் லொறியைப் பார்க்கவில்லை. லொறி தன் இடத்தைச் சொல்கிறது, அவர் கேட்கிறார். லொறிக்குள் இருக்கும் சிறிய பெட்டி ஜிபிஎஸ் செய்மதிகளின் சமிக்ஞையை வாங்கித் தன் இடத்தைத் தானே கணக்கிட்டுக்கொள்கிறது. அப்படி ஒரு லொறி இருப்பதே அந்தச் செய்மதிகளுக்குத் தெரியாது. கணக்கிட்ட இடத்தை வெளியே சொல்வதற்கு அதற்கு எங்கள் கோபுரம் வேண்டும். கோபுரம் எட்டாத பள்ளத்தில் லொறி இறங்கிவிட்டால், கடைசியாகச் சொன்ன வளைவிலேயே திரையில் நின்றுகொண்டிருக்கும். பெட்டியின் வயரைப் பிடுங்கிவிட்டாலும் அதே கதைதான்.

விமானமும் தன் இடத்தை மிகத் துல்லியமாக அறியும். வெளியே சொல்வதில்தான் சிக்கல். விமானப் போக்குவரத்தை நடத்துகிறவர்கள் பெரும்பாலும் நம்பியிருக்கும் ராடர், கேள்வி கேட்கும் ராடர். அது கேட்கும், விமானத்திலுள்ள டிரான்ஸ்பொண்டர் தன் இலக்கத்தையும் உயரத்தையும் பதிலாகச் சொல்லும். அந்தப் பெட்டி பதில் சொல்வதை நிறுத்திவிட்டால் திரையில் விமானம் இல்லை. இன்னொரு வகை ராடரும் உண்டு. அலையை அனுப்பி, உலோகத்தில் பட்டுத் திரும்பி வருவதைப் பிடிப்பது. அதற்கு விமானத்தின் ஒத்துழைப்பு தேவையில்லை. இராணுவங்கள் விடாமல் வைத்திருப்பது இதைத்தான். ஆனால் அதில் தெரிவது ஒரு புள்ளி மட்டுமே. யார், எந்த விமானம் என்று புள்ளி சொல்லாது.

இரண்டுமே நேர்கோட்டுப் பார்வை. பூமி வளைந்திருக்கிறது. 35,000 அடி உயரத்தில் பறக்கும் விமானம், கடல் மட்டத்தில் நிற்கும் ராடருக்கு ஏறக்குறைய 425 கிலோமீற்றருக்கு அப்பால் அடிவானத்துக்குக் கீழே போய்விடும். 2,524 மீற்றர் உயரமான பீதுருதாலகால உச்சியில் ஒரு ராடரை வைத்தால் கணக்குப்படி 600 கிலோமீற்றரைத் தாண்டலாம்; கருவியின் வலு பெரும்பாலும் அதற்கு முன்பே தீர்ந்துவிடும். தெய்வேந்திரமுனையில் நின்று நேர் தெற்கே பார்த்தால் அண்டார்ட்டிக்கா வரைக்கும் தரை கிடையாது. அந்த நீர்ப்பரப்பில் யார் எங்கே ராடர் வைப்பது?

அதற்கப்பால் விமானம் தானாக வாய் திறந்தால்தான் உண்டு. விமானி நெடுந்தூர வானொலியில் "இந்த இடத்தைக் கடந்தேன், அடுத்த இடம் இத்தனை மணிக்கு" என்று சொல்வார். புதிய விமானங்களில் இதே தகவல் செய்மதி வழியாகத் தானாகப் போகும். இரண்டு அறிக்கைகளுக்கு நடுவில் விமானம் இருக்கிறது என்பது தரையிலுள்ளவரின் நம்பிக்கை மட்டுமே.

மார்ச் 9, இரவு

எம்எச் 370 புறப்பட்ட இரவை நம் ஊர்க் கடிகாரத்தில் வைத்துப் பார்த்தேன். மலேசியா நம்மைவிட இரண்டரை மணித்தியாலம் முன்னால் ஓடுகிறது. எல்லாக் கட்டுரையிலும் மலேசிய நேரம்தான் போடுகிறார்கள், மனதில் ஒட்டுவதில்லை.

2014 மார்ச் 7, வெள்ளி இரவு 10.12. போயிங் 777 கோலாலம்பூரிலிருந்து பீஜிங்குக்குக் கிளம்புகிறது. 227 பயணிகள், 12 ஊழியர்கள். 10.49க்கு விமானத்திலிருந்து கடைசிக் குரல்: இரவு வணக்கம், மலேசியன் மூன்று ஏழு பூச்சியம். 10.51க்கு டிரான்ஸ்பொண்டர் நின்றுவிடுகிறது. விமானம் வளைந்து, வந்த பக்கமாகத் திரும்பி, மலேசியத் தீபகற்பத்தைக் குறுக்காகக் கடந்து, பினாங்குத் தீவைச் சுற்றி மலாக்கா நீரிணை வழியாக வடமேற்கே போகிறது. இராணுவ ராடரில் கடைசியாகத் தெரிந்தது 11.52க்கு. பிறகு எந்த ராடரும் இல்லை.

கடைசிச் செய்மதித் தொடர்பு காலை 5.49. நம் தோட்டங்களில், காலையில் பெயர் கொடுத்து வேலைக்குப் பிரியும் பிரட்டுக்களத்துக்குப் புறப்படும் நேரம். பெண்கள் ரொட்டியைச் சுட்டு அடுக்கி, பிள்ளைகளை எழுப்பிக்கொண்டிருந்த அந்த வேளை வரைக்கும் விமானம் பறந்துகொண்டிருந்தது. சமவெளிக்கு அப்பால், நமக்கு வெகு தெற்கே, நம்முடைய அதே சமுத்திரத்தின் மேல்.

மார்ச் 11

"இராணுவ ராடர் பார்த்தது என்று நீங்களே எழுதிவிட்டு, மறைக்கவில்லை என்கிறீர்களே" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. இதில் எனக்கு வரும் கோபம் உங்களுக்கு வருவதைவிடக் குறைவில்லை. ஆனால் வேறு இடத்தில் வருகிறது.

டிரான்ஸ்பொண்டர் நின்ற இடத்தைக் கவனியுங்கள். மலேசியாவின் கட்டுப்பாட்டு எல்லை முடிந்து வியட்நாமின் எல்லை தொடங்கும் இடம். மலேசியக் கட்டுப்பாட்டாளர் "இனி ஹோ சி மின்னோடு பேசுங்கள்" என்று வியட்நாமின் கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்பிவிட்டார். அவரைப் பொறுத்தவரை கைமாற்றியாயிற்று. வியட்நாம் பக்கத்தில் இருந்தவரை விமானம் இன்னும் கூப்பிடவில்லை. எதிர்பார்த்த நேரத்திலிருந்து ஐந்து நிமிடத்துக்குள் கேட்டிருக்க வேண்டும் என்பது இரு நாடுகளுக்கும் இடையிலான ஏற்பாடு. கேட்டது மலேசிய நேரம் 1.39க்கு. டிரான்ஸ்பொண்டர் நின்று பதினெட்டு நிமிடம்.

அதன் பிறகு நடந்ததுதான் என்னால் தாங்க முடியாதது. விமான நிறுவனத்தின் செயற்பாட்டு மையம், விமானம் கம்போடிய வான்பரப்பில் இருக்கிறது என்றது. கட்டுப்பாட்டு அறை அதை நம்பியது. அதிகாலை 3.30க்குத்தான் தெரியவந்தது, திரையில் நகர்ந்துகொண்டிருந்தது உண்மையான விமானம் அல்ல, திட்டமிட்ட பாதையை வைத்துக் கணினி போட்ட ஊகக் கோடு என்று. மேலே சொன்ன கொழுந்து லொறியாவது கடைசியாகச் சொன்ன வளைவில் நிற்கும்; இங்கே இல்லாத விமானத்தைக் கணினி ஓட்டிக்கொண்டிருந்தது. தேடல் மீட்பு மையத்தை எழுப்பியது 5.30க்கு. நான்கு மணித்தியாலம் போய்விட்டது. அந்த நான்கு மணித்தியாலமும் விமானம் பறந்துகொண்டிருந்தது, எரிபொருள் இருந்தது, யாராவது ஒரு போர் விமானத்தை மேலே அனுப்பியிருந்தால் பக்கத்தில் போய்ப் பார்த்திருக்கலாம்.

இராணுவ ராடர் விஷயமும் இதேதான். புள்ளி தெரிந்தது. அது பகைவனாகத் தோன்றவில்லை என்று விட்டுவிட்டார்கள். மறுநாள் பதிவைத் திருப்பிப் பார்த்த பிறகும், தென்சீனக் கடலில் தேடல் ஒரு வாரம் ஓடியது. மார்ச் 15 அன்றுதான் மலேசியப் பிரதமர் விமானம் மேற்கே திரும்பியது என்று உலகத்துக்கு உறுதியாகச் சொன்னார். உறவினர்கள் அந்த ஒரு வாரமும் தவறான கடலைப் பார்த்து அழுதார்கள்.

தம்பி, தெரிந்துகொண்டு ஒளித்தார்கள் என்று சொன்னால் அவர்களுக்கு நாம் அதிகப்படியான திறமையைக் கொடுத்துவிடுகிறோம். நடந்தது இதைவிட மோசம். ஒவ்வொருவரும் அடுத்தவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தார்கள்.

மார்ச் 12

தலவாக்கலையிலிருந்து ஒரு அக்கா: "காணாமல் போன பிறகும் சில பயணிகளின் தொலைபேசிகள் மணியடித்தனவாமே?"

அக்கா, இது என் தொழில், உறுதியாகச் சொல்கிறேன். அழைப்பவர் காதில் கேட்கும் மணி எதிர்முனைத் தொலைபேசி அடிக்கும் ஓசை அல்ல. வலையமைப்பு அழைப்பவருக்காகப் போடும் ஓசை. வெளிநாட்டு அழைப்புகளில் அந்தத் தொலைபேசி எங்கே என்று தேடிக்கொண்டிருக்கும்போதே அந்த ஓசை வந்துவிடுவதுண்டு. அந்த மணியைக் கேட்டு உயிரோடிருக்கிறார்கள் என்று நம்பிய குடும்பங்களை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. அவர்களுக்கு இதை அன்றைக்கே பக்கத்தில் அமர்ந்து விளக்க ஒருவர் இருந்திருக்க வேண்டும்.

வேறொரு தொலைபேசித் தகவல் உண்மை. மலேசிய நேரம் 1.52க்குப் பினாங்கின் ஒரு கோபுரம் துணை விமானியின் தொலைபேசியைப் பிடித்திருக்கிறது. அழைப்பு இல்லை, குறுஞ்செய்தி இல்லை, "நான் இங்கே இருக்கிறேன்" என்ற பதிவு மட்டும். அது உயிரோடிருக்கும் ஒருவர் தொலைபேசியை எடுத்ததற்குச் சான்று ஆகாது. அணைக்காமல் பையில் கிடந்த தொலைபேசியும் அப்படிப் பதிவாகும். ஆனால் விமானம் அந்த நேரத்தில் பினாங்குக்கு மேலே இருந்தது என்பதற்கு ராடரைச் சாராத தனிச் சான்று அது.

மார்ச் 15

செய்மதிக் கணக்கைப் பற்றிப் பலர் கேட்டிருக்கிறார்கள். "செய்மதி தொடர்பில் இருந்தது என்றால் இடம் தெரிந்திருக்க வேண்டுமே?"

ஒரு சம்பவம் சொன்னால் புரியும். சிவனொளிபாத மலைப் பருவத்தில் ஒரு முறை, இறங்கும் வழியில் பிரிந்துபோன ஒரு பையனைத் தேடினார்கள். அவனுடைய தொலைபேசி கடைசியாக எந்தக் கோபுரத்தில் பதிந்தது என்று எங்களிடம் கேட்டார்கள். பதிவு இருந்தது. கோபுரத்தின் மூன்று பக்க அன்டெனாக்களில் எது பிடித்தது என்பதும், சமிக்ஞை போய்வர எடுத்த நேரமும் இருந்தன. பழைய இரண்டாம் தலைமுறை வலையமைப்பில் அந்த நேரத்தின் ஒவ்வொரு படியும் ஏறக்குறைய 550 மீற்றர். அதை வைத்து வரைபடத்தில் ஒரு வில் போட்டோம். வில் ஒரு ஓடையைக் கடந்து, காட்டுக்குள் போய், ஒரு பழைய தேயிலைச் சரிவில் முடிந்தது. அந்த வில்லில் எந்த இடத்திலும் அவன் இருக்கலாம். தேடப் போனவர்கள் ஓடைப் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தார்கள், தண்ணீர் தேடித்தான் போயிருப்பான் என்று. கால் சுளுக்கி ஓடைக்கு மேலே உட்கார்ந்திருந்தான்.

எம்எச் 370 கதையில் இருப்பதும் அதே வில், ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் நீளத்துக்கு. விமானத்திலுள்ள செய்மதிக் கருவியும் பேர்த்தில் உள்ள தரை நிலையமும் இந்து சமுத்திரத்துக்கு மேல் நிலைத்திருக்கும் இன்மார்சாட் செய்மதி வழியாகத் தொடர்பு வைத்திருந்தன. ஒரு மணித்தியாலம் பேச்சில்லை என்றால் தரை நிலையம் "இருக்கிறாயா" என்று கேட்கும். கருவி "இருக்கிறேன்" என்னும். இடத்தைக் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. அந்தப் பதில் வர எடுத்த நேரத்தை நிலையம் தன் பராமரிப்புக்காகக் குறித்து வைத்திருந்தது. அந்த நேரத்திலிருந்து செய்மதிக்கும் விமானத்துக்கும் இடையிலான தூரம் கிடைக்கிறது. தூரத்திலிருந்து பூமியின் மேல் ஒரு வட்டம். எங்களுக்கு எந்தப் பக்க அன்டெனா என்பதாவது தெரிந்தது. அவர்களுக்கு அதுவும் இல்லை. வடக்கே மத்திய ஆசியாவா, தெற்கே சமுத்திரமா என்பதே முதலில் திறந்திருந்த கேள்வி.

அதைத் தீர்த்தது அலைவரிசையில் ஏற்பட்ட மிகச் சிறிய மாற்றம். நெருங்கி வரும் ரயிலின் ஊதல் ஒலி உயர்ந்தும் விலகும்போது தாழ்ந்தும் கேட்பதற்குக் காரணமான அதே டொப்ளர் விளைவு. செய்மதியும் தன் இடத்தில் சற்று ஆடிக்கொண்டிருந்ததால் வடக்கும் தெற்கும் வேறுபட்ட மாற்றத்தைக் காட்டின. பதிவுகள் தெற்கோடு பொருந்தின. இதற்காக அமைக்கப்படாத ஒரு கருவியின் ஓரக் குறிப்புகளிலிருந்து இவ்வளவையும் பிழிந்தெடுத்த பொறியியலாளர்களை நான் மனதாரக் கும்பிடுகிறேன்.

மலேசிய நேரம் 8.19க்கு வந்த கடைசித் தொடர்பு வேறு மாதிரியானது. தரை நிலையம் கேட்காமல் விமானமே மீண்டும் இணைப்புக் கேட்டது. மின்சாரம் அறுந்து திரும்பி வந்தால் கருவி அப்படிச் செய்யும். எரிபொருள் தீர்ந்து எஞ்சின்கள் நின்று, வாலில் உள்ள சிறிய துணை எஞ்சின் சற்று நேரம் மின்சாரம் கொடுத்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் முடிவு. அந்தக் கடைசிக் கணத்தின் அலைவரிசை மாற்றம், விமானம் வேகமாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்ததைக் காட்டுகிறது. ஏழாவது வில் என்று எல்லோரும் சொல்வது இந்தத் தொடர்பு தந்த வட்டத்தைத்தான்.

மார்ச் 16

மஸ்கெலியாவிலிருந்து ஒரு பெரியவர்: "நம் ஏழு கன்னி மலையில் விழுந்ததையும் எழுதுங்கள். இளசுகளுக்குத் தெரியவில்லை."

எழுதுகிறேன், ஐயா. நீங்கள் கேட்டது நல்லதாயிற்று, ஏனென்றால் கீழே ஒருவர் அது மலேசிய விமானம் என்றும், இன்னொருவர் கட்டுநாயக்கவுக்குப் பக்கத்தில் விழுந்தது என்றும் எழுதியிருக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு. கட்டுநாயக்கவுக்கு அருகே ஐஸ்லாந்து நிறுவனத்தின் விமானம் விழுந்தது 1978 நவம்பர் 15 அன்று. நம் மலையில் மோதியது 1974 டிசம்பர் 4 இரவு. மார்ட்டினேர் என்ற நெதர்லாந்து நிறுவனத்தின் டிசி-8. இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களோடு, கொழும்பில் இறங்கி மேலே போக வேண்டியது. 182 யாத்திரிகர்கள், 9 ஊழியர்கள். ஒருவரும் பிழைக்கவில்லை.

என் மாமனார் அப்போது இளவட்டம். இதைப் பற்றி அவராகப் பேச மாட்டார். சாப்பிட்டு முடித்து, வெற்றிலைத் தட்டை இழுத்துக்கொண்டு, வேறெதையோ சொல்லிக்கொண்டிருக்கும்போது ஒரு வரி வெளியே வரும். லயத்துத் தகரம் அதிர்ந்தது. இடி என்று நினைத்தார்கள். மேலே மூடுபனிக்குள் ஒரு சிவப்பு. விடிந்ததும் அட்டைக்கடியில் ஏறினார்கள். மண்ணெண்ணெய் வாடை ஓடை வழியாக முன்னமே இறங்கி வந்துவிட்டது. கொண்டு போனவை கொழுந்துச் சாக்குகளும், பெண்கள் இடுப்பில் கட்டும் படங்கும். எதற்குப் பயன்பட்டன என்று அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. பாறையிடுக்கில் ஒரு தஸ்பீஹ் மணிமாலை அறுபடாமல் கிடந்ததை மட்டும் ஒவ்வொரு முறையும் சொல்வார்.

அந்த விமானம் ஏன் அங்கே வந்தது? விமானிகள் கொழும்பை நெருங்கிவிட்டோம் என்று நம்பி இறங்கினார்கள். உண்மையில் இன்னும் ஏறக்குறைய 40 கடல் மைல் கிழக்கே, மலைகளுக்கு மேலே இருந்தார்கள். தங்கள் டொப்ளர் வழிகாட்டிக் கருவியையும் வானிலை ராடரையும் வைத்து இடத்தைக் கணித்ததில் பிழை ஏற்பட்டது என்பது விசாரணையின் முடிவு. தரையிலிருந்தவர்களுக்கு விமானம் சொன்ன இடம்தான் இடம். இறங்க அனுமதித்தார்கள். முதலாம் நாள் குறிப்பில் நான் சொன்னது இங்கேயும் அப்படியே நடந்திருக்கிறது: பார்க்கவில்லை, கேட்டார்கள்; கேட்டது தவறாக இருந்தது.

ஒரே ஒரு வித்தியாசம். விழுந்த இடத்தைச் சுற்றி மக்கள் இருந்தார்கள். வறியவர்கள், குடியுரிமைகூட இல்லாதவர்கள் பலர், காலையில் பெயர் போட்டால்தான் அன்றைய கூலி. அப்படியிருந்தும் ஏறினார்கள். அந்த 191 பேரும் எங்கே போனார்கள் என்று சுரபாயாவில் யாரும் பதினொரு வருடம் தவித்திருக்க வேண்டியதில்லை. அங்கே நினைவுச் சின்னம் இருக்கிறது. ஏறுகிறவர்கள் படம் எடுத்துக்கொண்டு மட்டும் வராமல் கொஞ்சம் நின்றுவிட்டு வாருங்கள்.

மார்ச் 18

"அதே சமுத்திரம் என்றால் அம்பாந்தோட்டையில் ஏன் ஒரு துண்டும் ஒதுங்கவில்லை?"

தெற்கு இந்து சமுத்திரத்தின் நீரோட்டம் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. அவுஸ்திரேலியாவுக்கு மேற்கே விழுந்தது வடக்கே ஏறி, பிறகு மேற்கே ஆபிரிக்காவை நோக்கிப் போகும். பூமத்திய ரேகையைத் தாண்டி நம் பக்கம் வருவது கடினம். நடந்ததும் அதுதான். 2015 ஜூலை 29 அன்று ரீயூனியன் தீவில் இறக்கையின் ஒரு பகுதி ஒதுங்கியது, ஓரமெல்லாம் சிப்பி ஒட்டி. அடுத்த வருடம் தான்சானியாவின் பெம்பா தீவிலும் மொரிஷியஸிலும் கிடைத்த துண்டுகள் அதே விமானத்தினுடையவை என்று உறுதியாயின. ஒளித்து வைத்தவர்கள் இறக்கையை உடைத்து ஆபிரிக்கக் கரையில் போட்டார்கள் என்று இனி யாராவது எழுதினால், சிப்பியையும் அவர்களே வளர்த்து ஒட்டினார்களா என்று கேளுங்கள்.

மார்ச் 21

மலேசிய அரசு புதிய தேடலுக்கு அனுமதி கொடுத்திருக்கிறது. ஓஷன் இன்ஃபினிட்டி நிறுவனம், 15,000 சதுர கிலோமீற்றர், கண்டுபிடித்தால் மட்டும் 7 கோடி டொலர். செய்தி வந்ததும் நமக்குள் பலர் "இத்தனை வருடம் என்ன செய்தார்கள்" என்று பொங்கியிருக்கிறீர்கள். செய்ததைச் சொல்கிறேன்.

2017 ஜனவரி வரை 120,000 சதுர கிலோமீற்றர் கடலடியை ஒலியலையால் துழாவினார்கள். இலங்கை முழுவதும் 65,610 சதுர கிலோமீற்றர். அதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. 2018இல் இன்னும் 112,000. ஆழம் சராசரியாக நான்கு கிலோமீற்றர், சில இடங்களில் ஆறு. அடியில் எரிமலை, பள்ளத்தாக்கு, செங்குத்துப் பாறை எல்லாம் உண்டு. தேடியபோது பழைய நூற்றாண்டுக் கப்பல் சிதைவுகள்கூடக் கிடைத்தன. விமானம் கிடைக்கவில்லை.

கறுப்புப் பெட்டி ஏன் குரல் கொடுக்கவில்லை? அதிலுள்ள ஒலிக்கருவி தண்ணீரில் ஊதும். ஆனால் சில கிலோமீற்றருக்கு மேல் கேட்காது, மின்கலம் முப்பது நாள் தாங்கினால் போதும் என்பது அன்றைய விதி. இந்த விமானத்தின் தரவுப் பெட்டியின் ஒலிக்கருவி மின்கலம் 2012 டிசம்பரிலேயே காலாவதியாகியிருந்தது. மாற்றப்பட்டதற்கான பதிவு இல்லை. எங்கள் கோபுரத்தில் மின்கலம் காலாவதியானால் ஒரு பள்ளத்தாக்கு மௌனமாகும், திட்டு வாங்குவோம், மாற்றுவோம். இதை வாசித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஒப்பிட ஒரு விபத்து: 2009 ஜூன் 1, ரியோவிலிருந்து பாரிஸ் போன ஏர் பிரான்ஸ் 447, 228 பேர். வேகமானியின் குழாய்கள் பனியால் அடைபட்டன, விமானிகள் குழம்பினார்கள், அட்லாந்திக்கில் விழுந்தது. விமானம் கடைசி நிமிடங்களில் தானாகவே பழுதுச் செய்திகளைச் செய்மதிக்கு அனுப்பியிருந்தது. இடமும் தெரியும். மிதந்த துண்டுகளும் சில நாட்களில் கிடைத்தன. அப்படியிருந்தும் கடலடியில் விமானத்தைக் கண்டது 2011 ஏப்ரலில், கடைசியாகச் சொன்ன இடத்திலிருந்து ஏறக்குறைய 12 கிலோமீற்றருக்குள். 12 கிலோமீற்றருக்கு இரண்டு வருடம் என்றால், வில் முழுவதற்கும் எத்தனை என்று பாருங்கள்.

மார்ச் 26

ஒப்பந்தம் நேற்றுக் கையெழுத்தாகிவிட்டது.

உயர்தரம் படிக்கும் மாணவி ஒருவர் கேட்கிறார்: இன்றைக்கு அதே மாதிரி நடக்குமா, டிரான்ஸ்பொண்டரை அணைக்கவே முடியாதபடி செய்தால் என்ன?

தங்கச்சி, அருமையான கேள்வி. விமானத்தில் எந்த மின்கருவியும் தீப்பிடிக்கலாம். தீப்பிடித்த பெட்டிக்கு மின்சாரத்தை நிறுத்தும் வழி விமானிக்கு இருந்தே ஆக வேண்டும். அதனால் அணைக்க முடியாத பெட்டி என்பது எளிதில் கிடைக்காது. மாற்றம் வேறு திசையில் வந்தது. 2018 நவம்பர் முதல் பெரிய பயணிகள் விமானங்கள் பெருங்கடலுக்கு மேல் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவையாவது இடம் சொல்ல வேண்டும் என்பது சர்வதேச விதி. இந்த வருடம் முதல் புதிய விமானங்களுக்கு இன்னொன்று: ஆபத்தில் இருக்கும் அறிகுறி தெரிந்தால் நிமிடத்துக்கு ஒரு தடவை தானாக இடம் சொல்லும் கருவி. ஒலிக்கருவியின் மின்கலமும் முப்பதிலிருந்து தொண்ணூறு நாளாயிற்று. விமானங்கள் ஒலிபரப்பும் இடத் தகவலை விண்ணிலிருந்தே பிடிக்கும் செய்மதிகளும் 2019 முதல் வேலை செய்கின்றன. ஆகவே மார்ச் 9 காலை நான் எழுதிய வெறுமை இன்று முழு வெறுமை அல்ல.

ஆனால் பதினைந்து நிமிடத்தில் ஒரு ஜெட் விமானம் 200 கிலோமீற்றருக்கு மேல் போய்விடும். பழைய விமானங்கள் இன்னும் பல வருடம் பறக்கும். எந்தப் பெட்டி வந்தாலும், அறிக்கை வராதபோது உடனே எழுந்து கேட்கும் மனிதர் வேண்டும். மார்ச் 11 குறிப்பில் சொன்ன ஐந்து நிமிடத்தைத்தான் மீண்டும் சொல்கிறேன். அந்த விதி 2014இலும் இருந்தது.

ஏப்ரல் 4

தேடலை இப்போதைக்கு நிறுத்திவிட்டார்கள். பருவம் சரியில்லை, வருட இறுதியில் தொடரும் என்கிறார் மலேசியப் போக்குவரத்து அமைச்சர். தெற்கே குளிர்காலக் கடல், ஆளுயரத்துக்கு மேல் அலை. புரிகிறது. காத்திருக்கும் குடும்பங்களுக்குப் புரிந்தாலும் வலிக்கும்.

இதற்கிடையில், அமெரிக்கப் படைத்தளம் உள்ள தியாகோ கார்சியா தீவில் இறக்கிவிட்டார்கள் என்ற ஒலிப்பதிவு நம் ஊர் வட்ஸ்அப் குழுக்களில் மறுபடியும் சுற்றுகிறது. மாலைதீவின் குடா ஹுவாதூ தீவில் அன்று காலை தாழப் பறந்த விமானத்தை மக்கள் கண்டார்கள் என்பதையும் அதோடு சேர்த்துச் சொல்கிறார்கள். அந்த மக்கள் எதையோ கண்டார்கள், பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் செய்மதிக் கணக்கும், நீரோட்டமும், ஆபிரிக்கக் கரைத் துண்டுகளும் ஒன்றுக்கொன்று தெரியாமல் ஒரே திசையைக் காட்டுகின்றன. மூன்றையும் பொய் என்று சொன்னால்தான் அந்த ஒலிப்பதிவு நிற்கும்.

விமானியைப் பற்றியும் கேட்கிறீர்கள். 2018 ஜூலையில் வந்த மலேசிய அறிக்கை, விமானம் திரும்பியது கையால் இயக்கப்பட்டது என்கிறது. வேறொருவர் தலையிட்டிருக்கலாம் என்பதையும் மறுக்க முடியாது என்கிறது. காரணத்தைத் தீர்மானிக்க முடியவில்லை என்று முடிக்கிறது. பதில் பேச முடியாத ஒரு மனிதரின் மேல், அவருடைய மனைவி பிள்ளைகள் வாசிக்கும்படி, நான் பழி எழுத மாட்டேன். அந்தக் கருத்துகளை இங்கே தொடர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஏப்ரல் 6

நோர்வூட்டிலிருந்து ஒரு அம்மா, மகன் தட்டச்சு செய்து அனுப்பியிருக்கிறார். மகள் அடுத்த வாரம் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகிறார், முதல் பயணம். இந்த இழையை மகன் வாசித்துக் காட்டியதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லையாம்.

அம்மா, பயப்படாதீர்கள். உங்கள் மகள் போகும் பாதை நான் எழுதிய ஆளில்லாத தென்கடல் அல்ல. கொழும்பிலிருந்து வளைகுடாவுக்குப் போகும் விமானங்கள் பெரும்பாலும் இந்தியாவின் தென்முனையைத் தொட்டு அரபிக்கடலைக் கடக்கும்; நாளெல்லாம் விமானங்கள் வரிசையாகப் போகும் வழி அது. நடுக்கடலில் இருக்கும்போதும் இடம் சொல்லிக்கொண்டேதான் போகும்.

டிக்கெட்டில் உள்ள விமான இலக்கத்தையும் முகவரின் தொலைபேசி இலக்கத்தையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். குவைத் நேரம் நம்மைவிட இரண்டரை மணித்தியாலம் பின்னால். அங்கே காலை 6 மணிக்கு இறங்கினால் இங்கே 8.30. அதற்குப் பிறகு குடிவரவு வரிசை, பெட்டி எடுப்பது, கூட்டிப்போக ஆள் வருவது என்று மூன்று மணித்தியாலம் வரைக்கும் ஆகலாம், அங்கே இவருக்கு சிம் அட்டையும் இருக்காது. அழைப்பு வரவில்லை என்று அதற்குள் பதற வேண்டாம். விமானம் இறங்கிவிட்டதா என்பதை மகன் அந்த இலக்கத்தை இணையத்தில் போட்டுப் பார்த்துச் சொல்வார். பார்க்கத் தெரியவில்லை என்றால் எனக்கு இலக்கத்தை அனுப்பச் சொல்லுங்கள், அன்று இரவு நான் விழித்திருந்து பார்த்துச் சொல்கிறேன்.